செவ்வாய்க்கிழமை வராத விசில்

எதையாவது மறைக்கும்போது தம்பி இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஆறு வயதில் அலாரக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தேய்த்தான். முப்பத்து நாலு வயதில், ஆஸ்பத்திரியின் சர்வர்களுக்கெல்லாம் பொறுப்பாளனாகிவிட்ட பிறகும், அந்த இரண்டு வாரமும் தேய்த்துக்கொண்டே திரிந்தான். அக்காவுக்கு அது போதும். அவள் அதே ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் எந்த அறை எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது பூட்டப்பட்டது என்று அவள் எழுதும் நோட்டில் ஒரு நிமிஷம் பிசகாது.

தம்பியின் வேலை என்னவென்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் விளக்கியிருந்தாள். மொத்தம் மூன்று பெரிய இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து சர்வர்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நோயாளிகளின் சீட்டு, மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அவற்றின் பொறுப்பு. அவற்றின் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் தனியாக ஒரு டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. இயந்திரத்துக்கும் அலமாரிக்கும் நடுவே இதுவரை கண்ணாடி இழை ஓடியது. அதற்கு உதிரிப் பாகம் கிடைப்பது நின்றுபோனதால், சாதாரண நெட்வொர்க் கேபிள் வழியாகவே இரண்டும் பேசிக்கொள்ளும்படி தம்பி முறையை மாற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நின்று மாற்றினான். கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்தது.

திங்கள் காலை ஆறு நாற்பதுக்கு எல்லாம் உறைந்தது. வார்டுகளில் நர்சுகள் திரையைத் தட்டிப் பார்த்தார்கள். ஏழு பத்துக்கு, யாரும் எதுவும் செய்யாமலே, சரியாகிவிட்டது. செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் காலை மறுபடியும்.

தம்பி கேபிளை மாற்றினான். சுவிட்சில் வேறு துவாரத்தில் செருகினான். இரு பக்கமும் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அளவு ஒன்றுதானா என்று எண்ணிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் மறுபடி உறைந்தது.

நாலாவது மாடியில் பேச்சு கிளம்பியது. தம்பிக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவர் ஒன்றரை வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். வேலை செய்யும்போது ராகமில்லாமல் பல்லிடுக்கில் விசிலடிப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் விசிலண்ணன்.

"காலைல அந்தப் பக்கம் போனா விசில் கேக்குதுங்க. சத்தியமா," என்றார் லிஃப்ட்காரர்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் கேக்காது. பேய்க்கு வார லீவு," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி காதைத் தேய்த்தான்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்பா. அதுக்குள்ள முடியலைன்னா பழைய வழிக்கே திருப்பிடு. திருப்பிட்டு, சர்வர் ரூம் சாவிய என் மேஜைல வெச்சுட்டுப் போயிடு." அதற்குப் பிறகு அங்கே வேலை இல்லை என்பதை மேனேஜர் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி எதிரே வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துண்டை எடுத்துப் பிரித்தான்.

"அத ஏன்டா பிரிக்கற?"

"அக்கா, டிஸ்க் அலமாரிக்கு ஒரு விலாசம் உண்டு. சர்வருங்க அந்த விலாசத்தத்தான் கூப்பிடும். காலைல அந்த அரை மணி நேரம் வேற யாரோ 'நான்தான்'னு பதில் சொல்றாங்க. இன்னிக்குத்தான் பாத்தேன். எங்க லிஸ்ட்லயே இல்லாத மெஷின்."

"யாருது?"

"விசிலண்ணன்தான்க்கா."

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். தம்பியின் காது மடல் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"இந்தத் திட்டமே அவரோடது. ரெண்டு வருஷம் முன்னாடி மீட்டிங்ல சொன்னாரு. நான்தான் முதல்ல சிரிச்சேன். 'ஆஸ்பத்திரிய வெச்சு வெள்ளோட்டம் பாக்கறீங்களா'ன்னு கேட்டேன். எல்லாரும் சேந்து சிரிச்சாங்க. அதோட அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. இப்ப அவர் டிராயர்ல இருந்த பேப்பர அப்படியே காப்பியடிச்சு என் பேர் போட்டுக் குடுத்துட்டேன். விலாசம்கூட அவர் எழுதினதுதான். கேக்க வந்துட்டாருக்கா."

அக்கா திட்டவில்லை. எழுந்துபோய்த் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். "எந்தெந்த நாள், எத்தனை மணி? வரிசையா சொல்லு."

அவன் சொன்னான். அவள் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். திங்கள் ஆறு நாற்பது: நாலாவது மாடி சாமான் அறை திறப்பு. ஏழு பத்து: பூட்டு. புதன் ஆறு நாற்பத்திரண்டு: திறப்பு. இரண்டு வாரமும் ஒரு வரி தப்பவில்லை.

"செவ்வாய்க்கிழமை எனக்குத்தான்டா லீவு," என்றாள். "அன்னிக்கு வர்றவ கீழ்த்தளத்துல இருந்து துடைப்பம் எடுத்துப்பா. டேய், அந்தப் பேய் நான்."

அவன் சிரிக்கவில்லை. அவளாலும் முடியவில்லை.

வெள்ளி காலை ஆறு நாற்பதுக்கு அக்கா தம்பியோடு போய்ச் சாமான் அறையைத் திறந்தாள். சர்வர் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். விளக்கைப் போட்டாள். கீழ்த்தட்டில், சோப்புத் தண்ணீர் டிரம்களுக்குப் பின்னால், எதுவோ கனைத்தது. பிறகு மெல்லிய விசில். ராகமில்லாமல், பல்லிடுக்கில் வருவதுபோல.

அக்கா குனிந்து கேட்டாள். இந்தச் சத்தத்தை அவள் தினமும் கேட்டிருக்கிறாள். தண்ணீர்க் குழாய் என்று நினைத்திருந்தாள்.

தம்பி டிரம்களை நகர்த்தினான். செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் விசிறியில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்தே கரண்ட்; விளக்கைப் போட்டால் இதுவும் ஓடும். பின்னாலிருந்து ஒரு கேபிள் சுவரின் ஓட்டைக்குள் போயிற்று. மேலே ஒட்டிய தாளில் விசிலண்ணனின் சாய்ந்த கையெழுத்து: வெள்ளோட்டம். அணைக்க வேண்டாம்.

கீழே எங்கோ தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின.

"சிரிச்சதுக்கப்புறம் கொண்டுவந்திருக்காரு," என்றான் தம்பி. "சொந்தக் காசுல வாங்கின பெட்டி. செஞ்சு காட்டணும்னு. பழைய வழி ஓடினவரைக்கும் இந்த விலாசத்த யாருமே கூப்பிடலக்கா. இது மட்டும் தினம் எந்திரிச்சு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"நர்சுங்க காத்துக்கிட்டு இருக்காங்கடா. எடு."

கேபிளைப் பிடுங்கினான். மணி ஆறு நாற்பத்தொன்பது. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. விசில் மட்டும் நிற்கவில்லை. அக்கா விளக்கை அணைத்த பிறகுதான் நின்றது.

தம்பி அறிக்கை எழுதினான். திட்டம் யாருடையது என்று விசிலண்ணனின் முழுப் பெயரை முதல் வரியில் எழுதினான். விலாசத்தைச் சரிபார்க்காமல் காப்பியடித்தது தான்தான் என்று அடுத்த வரியில் எழுதினான்.

"கோளாறு தீந்துடுச்சே. இதெல்லாம் எழுதணுமா?" என்றார் மேனேஜர்.

"எழுதணும் சார்." தம்பியின் இரண்டு கையும் மேஜைமேல் இருந்தன. வாசலில் நின்ற அக்கா பார்த்தாள்.

வேலை போகவில்லை. ஆனால் மேனேஜர் சாவியை ஒரு வாரம் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

சாவி திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அக்கா சாமான் அறையில் விளக்கைப் போட்டாள். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம் ஒன்று. சத்தமில்லை. துடைப்பத்தை எடுத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய விசில் வந்தது. ராகமில்லை. பல்லிடுக்கில்.

சர்வர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். தம்பி தனியாகக் கேபிள்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் விசிலடித்து அவள் கேட்டதில்லை. தான் அடிப்பது அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா அவனைக் கூப்பிடவில்லை. நோட்டை எடுத்து, ஆறு நாற்பது, திறப்பு என்று மட்டும் எழுதினாள்.