சின்னத்தில் நிமிர்ந்த சுண்டுவிரல்

அரசு அச்சகத்தில் அவளை எல்லோரும் முத்திரைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கோர்ட்டு நகல் என்று கட்டுக்கட்டாக வரும் தாள்களில், மை தொடாமல், நாட்டின் சின்னத்தை மேடாக எழுப்புவது அவள் வேலை. தாளை இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே செருகிக் கைப்பிடியை இழுத்துவிட்டால், தாளின் முதுகிலிருந்து ஒரு வலது கை எழுந்து வரும். ஒரு கொத்து நாணலைப் பிடித்திருக்கும் கை. நான்கு விரல்கள் நாணலைச் சுற்றி மடங்கியிருக்க, சுண்டுவிரல் மட்டும் யாருக்கும் கட்டுப்படாததுபோல் நிமிர்ந்து நிற்கும்.

அச்சு தேய ஆரம்பித்தால் முதலில் மழுங்குவது அந்தச் சுண்டுவிரல்தான். அதனால் ஒவ்வொரு தாளையும் எடுத்ததும் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். விரல் தட்டுப்பட்டால் தாள் சரி. தட்டுப்படவில்லை என்றால் கழிவு. ஒரு நாளைக்கு எண்ணூறு தாள், எண்ணூறு தடவல். இருபத்தாறு வருஷத்தில் அவள் கட்டைவிரலில் ரேகையே போய்விட்டது.

அவள் தடவிக்கொண்டிருந்தது சொந்தத் தங்கையின் விரலை. வேறு யாருடையதாக இருந்தாலும் அவள் வயிறு இப்படி எரிந்திருக்காது.

முந்தைய ஆட்சி விட்டுப்போன சின்னத்தில் ஒரு கிரீடமும் இரண்டு சிங்கங்களும் இருந்தன. இந்த நாட்டில் சிங்கத்தைப் பார்த்தவர்கள் என்றால் மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் வாங்கியவர்கள்தான். புது அரசு வந்ததும் புதுச் சின்னம் வேண்டும் என்று பதினொரு பேர் குழு ஒன்றை உட்கார்த்தினார்கள். குழு பதினான்கு மாதம் உட்கார்ந்தது. பறவை என்றார்கள், அது வடக்கே மட்டும்தான் பறக்கிறது என்று தெற்கு கோபித்துக்கொண்டது. மரம் என்றார்கள், அதை ஒரு சாரார் கும்பிடுகிறார்கள் என்று இன்னொரு சாரார் எழுந்தார்கள். படகு என்றதும் மலைக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்கள். கடைசியில் யாரோ மேசையைத் தட்டி, "கையாவது எல்லாருக்கும் இருக்கா, இல்ல அதுலயும் சண்டையா?" என்று கேட்க, கை முடிவாயிற்று. யாரும் விதைக்காமல் எல்லா நீர்க்கரையிலும் முளைக்கிற நாணலை அந்தக் கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் படம் வேண்டும் என்று பொதுப்பணித் துறை டிராயிங் ஆபீசில் பாலத்துக்கும் மதகுக்கும் படம் போடுகிற ஒருவரிடம் சொன்னார்கள். அவர்தான் அவளுடைய வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு குரல் கொடுத்தார். "இங்க வாயேன், கொஞ்சம் கையைக் காட்டு."

அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கொல்லைக் குழாயடியில் வாளி நிறையத் துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கையெல்லாம் சோப்பு. லீவுக்கு வந்தவ சும்மாதானே உக்காந்திருக்கா, அவளைக் கூப்பிடுங்க."

இந்தப் பதிலை அவள் அதன் பிறகு முப்பத்தொரு வருஷமாகத் தனக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வீட்டில் நாணலுக்கு எங்கே போவது? மூலையிலிருந்த விளக்குமாற்றைக் கொடுத்துத் தங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மணி நேரம் அவள் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாள். துணியை உலர்த்திவிட்டு வந்த பெரியவள் படத்தைப் பார்த்தாள்.

"இந்த விரல் என்ன தனியா நீட்டிக்கிட்டு நிக்குது? மடக்கி வரையுங்களேன்."

"அவளுக்கு மடங்கலையே."

"படத்துல மடக்கக்கூடாதா?"

"பாலத்துல விரிசல் இருந்தா விரிசலோடதான் படம் போடணும். கண்ணுல படாததை நான் வரையமாட்டேன். அந்த வேலைக்கு வேற ஆளைப் பாரு."

குழுவில் அந்த விரலைப் பார்த்து யாராவது முகம் சுளிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். நடந்ததோ வேறு. குழுவிலிருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, சேர்ந்து பிடித்த நான்கு விரல்கள் நாட்டின் ஒற்றுமை என்றும், நிமிர்ந்த சிறுவிரல் எளியவரின் தலைநிமிர்வு என்றும் முக்கால் மணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அது அப்படியே பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. அவள் பெற்ற மகளே ஐந்தாம் வகுப்பில், "நிமிர்ந்த சிறுவிரல் எளியவரின் தலைநிமிர்வு, நிமிர்ந்த சிறுவிரல் எளியவரின் தலைநிமிர்வு" என்று உருப்போட்டாள். சமையலறையில் இருந்தவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்கினாள்.

சின்னம் எங்கே இல்லை? தபால் தலையில், போலீஸ்காரர் தொப்பியில், ஆஸ்பத்திரிச் சீட்டில். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றால் எதிர்ச் சுவரில் தங்கச்சி கை. தங்கையோ இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை வைத்து, நாலு பேருக்கு நல்லவளாக இருந்தாள். டீக் குடிக்கும்போது அந்த விரல் தம்ளரை விட்டு விலகி நிற்கும். முன்பெல்லாம் ஸ்டைல் பண்ணுகிறாள் என்று சொன்ன அதே தெரு, விஷயம் பரவிய பிறகு, "நம்ம கையம்மா" என்றது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து விரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பள்ளிக்கூட விழாவுக்கு அழைத்து மேடையில் நாற்காலி போட்டார்கள். பெரியவள் கீழே மூன்றாவது வரிசை.

தங்கை கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. யார் கேட்டாலும், "நான் என்னத்தைக் கண்டேன், மாமா பிடிச்சுக்கச் சொன்னாரு, பிடிச்சுக்கிட்டேன். கை மரத்துப்போனதுதான் மிச்சம்" என்பாள். கிடைத்தது பெரிசாகவே தெரியாத ஒருத்திக்கே எல்லாம் கிடைக்கிறது என்பதுதான் பெரியவளுக்குச் செரிக்கவில்லை. அது அப்பாவின் குடையிலிருந்தே அப்படித்தான்.

அப்பா ஒரு நாள் இரண்டு குடை வாங்கிவந்தார். பெரியவளுக்குக் கறுப்பு, சின்னவளுக்குச் சிவப்பு. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. சின்னவள் சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். பெரியவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு நிலையில் ஒரு சின்னக் கை இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினாள்.

அலறல் கேட்டு அம்மா ஓடிவந்தபோது, அழுகைக்கு நடுவே சின்னவள் சொன்னாள், "காத்துல சாத்திக்கிச்சும்மா." அன்றைக்குக் காற்றே இல்லை. கொடியில் போட்டிருந்த துணி ஒன்றுகூட ஆடவில்லை. அம்மா கதவைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள். பெரியவள் சிவப்புக் குடையை மடக்கி மூலையில் வைத்தாள். எலும்பு சேர்ந்தது, விரல் மட்டும் அப்புறம் மடங்கவேயில்லை. சின்னவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆன பிறகு, சின்னத்தைப் புதுப்பிக்கும் குழுவின் அதிகாரி என்று ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் கோப்பு. விலாசம் விசாரித்தபோதே தெருக்காரர்கள் கையம்மாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டதால், தங்கையும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி திரும்ப வரையறோம்மா," என்றாள் அதிகாரி. "போன்ல சின்னதாப் போட்டா அந்தச் சுண்டுவிரல் அழுக்குப் பட்ட மாதிரி தெரியுது. மடக்கிடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. வரைஞ்சவரே ஒரு அர்த்தத்தோட வெச்சிருந்தா தொடக்கூடாதுங்கறாங்க மீதிப் பேர். பழைய கோப்புல ஒண்ணும் இல்ல. அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன். அவர் யோசிச்சு வெச்ச விரலா அது?"

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷமாகக் கண்ணில் குத்திய விரல். இல்லை என்று தலையாட்டினால் போதும், எல்லாச் சுவரிலும் எல்லாத் தொப்பியிலும் மடங்கிவிடும். அப்புறம் அது யாருடைய கையாகவும் இருக்கலாம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அர்த்தமாவது ஒண்ணாவது. சின்ன வயசுல காத்துல கதவு சாத்தி விரல் நசுங்கிருச்சு. மாமா இருந்ததை இருந்தபடி வரைஞ்சாரு. தாராளமா மடக்கிக்கோம்மா. எனக்குத்தான் மடங்கல, படத்துலயாவது மடங்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தாள். "அப்ப விபத்து. காத்துல கதவு சாத்தினதால..."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் கொடுத்தது யார்? பழைய துணியைப் போட்டுவிடுவதுபோல் அவள் அந்த விரலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சர்க்காரின் கோப்பில் காற்றின் பெயர் ஏறப்போகிறது. இந்தச் சின்னத்தில் பிடித்த கை தங்கையுடையது, வரைந்த கை வீட்டுக்காரருடையது, அர்த்தம் பேராசிரியருடையது. இவள் செய்தது என்று சொல்ல அந்த ஒரு விரலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதையும் காற்று கொண்டுபோவதா?

"காத்து இல்ல," என்றாள்.

பேனா நின்றது.

"அன்னிக்குக் காத்தே அடிக்கல. நான்தான் சாத்தினேன். கையைப் பார்த்துட்டுத்தான் சாத்தினேன். எழுதுறதுன்னா அதை எழுதுங்க. அவ பிடிச்சிருக்காளே நாணல், அதுவும் நாணல் இல்ல, என் வீட்டு விளக்குமாறு."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த டீத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"குடைக்காகவாக்கா?"

"குடைக்காகத்தான்."

"அந்தக் குடை ரெண்டாவது மழையிலயே கம்பி முறிஞ்சு போச்சே."

"தெரியும். அதையும் நான்தான் முறிச்சேன்."

"கதவு நீன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் தங்கை. "அம்மா உன் தோலை உரிச்சிருப்பாங்கன்னுதான் காத்துன்னேன். ஆனா குடையை நெஜமாவே காத்துதான் முறிச்சுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அடிப்பாவி."

அப்பவே தெரியும். பெரியவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஆறு வயசிலேயே அவள்தான் பெரிய மனுஷி.

"இப்ப நான் என்னம்மா எழுதறது?" என்றாள் அதிகாரி பரிதாபமாக. "பொறாமையால சாத்தின கதவுன்னு குழுவுக்கு எழுத முடியாது."

"எங்க வீட்டுக்காரர் கண்ணுல படாததை வரையமாட்டார்னு எழுதுங்க. நானே அவரை மடக்கச் சொன்னேன். மாட்டேன்னாரு. இப்ப நீங்க மடக்கினா அது அவர் வரைஞ்ச சின்னம் இல்ல."

அதிகாரி அதை எழுதிக்கொண்டு, குடும்பத்தார் என்று போட்டிருந்த இடத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். தங்கை எழுதும்போதும் அந்த விரல் பேனாவை விட்டு விலகியே நின்றது.

ஏழு மாதம் கழித்து அச்சகத்துக்குப் புது அச்சு வந்தது. முத்திரைக்காரம்மா முதல் தாளைச் செருகிக் கைப்பிடியை இழுத்தாள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பழைய அச்சைவிடத் தெளிவாக, சுண்டுவிரல் கூர்மையாகத் தட்டுப்பட்டது. பக்கத்து மெஷின்காரர், "மடக்கப்போறாங்கன்னாங்களே?" என்றார்.

"சாவகாசமா உக்காந்து பேசற அளவுக்கு அதுல விஷயம் இருக்கு. வேலையைப் பாருங்க," என்றாள். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

அந்த மிதப்பு மறுநாள் செய்தித்தாள் வரும்வரைதான். உள்பக்கத்தில் அரைப் பக்கத்துக்குத் தங்கை படம். கையை முன்னால் நீட்டியிருந்தாள். கீழே, நாட்டுச் சின்னத்தின் நிமிர்ந்த விரலுக்குப் பின்னே, சிறு வயதில் காற்றில் சாத்திக்கொண்ட ஒரு கதவு இருக்கிறது என்று ஆரம்பித்து உருகி உருகி எழுதியிருந்தார்கள். அக்கா என்று ஒருத்தி இருப்பதாகவே அதில் இல்லை. அவள் இரண்டு தரம் படித்தாள். காற்றுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனாள்.

தங்கை வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். பேப்பரைத் துணியின்மேல் போட்டாள் பெரியவள்.

"ஏண்டி, மறுபடியும் காத்தா?"

தங்கை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "பின்ன? ஊரு பூரா படிக்கிற பேப்பர்ல உன்னை மாட்டிவிடச் சொல்றியா?"

"மாட்டிவிடுடி," என்றாள் அவள். "என்ன கெட்டுப்போச்சு? மாட்டிவிடு."