ஒடுகத்தூரில் எடுத்த கார்

பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வாடகை ஏறிவிட்டது!

போன மாதம் வேலூரில், நான் தங்கியிருந்த லாட்ஜில் நடந்தது இது. ஜவ்வாது மலைக்கு ஒருநாள் போய்வரக் கார் வேண்டும் என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் ஒரு தொகை சொன்னார். பரவாயில்லை, கட்டுப்படியாகும் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் என் பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

"ஓ... ஸ்ரீலங்காவா மேடம்?"

அவ்வளவுதான். ஹில்ஸ் சார்ஜ் தனி, டிரைவர் பேட்டா தனி, வெயிட்டிங் தனி என்று ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கியது. மன்னாரிலிருந்து வந்த ஒரு பென்ஷன்காரிக்கு இதெல்லாம் தாங்குமா?

வாசலில் இருந்த காவலாளிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி சொன்னார். "இங்க எடுக்காதீங்கமா. ஒடுகத்தூருக்கு பஸ்ல போங்க. ஸ்டாண்டுல மஞ்ச போர்டு காருங்க நிக்கும். மலைக்குப் போய்ட்டு வர்றதுக்கு அவங்ககிட்ட கேளுங்க, சரியா வரும்."

இந்தியாவுக்குப் போகும் வாசகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான் — அங்கே கார் மலிவாக எடுப்பது எப்படி? இந்த வாரம் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஊரில் எடுக்காதீர்கள். போக வேண்டிய இடத்துக்குக் கிட்டவாக உள்ள சின்ன ஊர் வரை பஸ்ஸில் போங்கள். அங்கே ஸ்டாண்டில் நிற்கும் சாரதியிடம் நேரே கதையுங்கள். டீசல், பேட்டா, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசிவிட்டு ஏறுங்கள். என்னைக் கேட்டால், இதற்கு மேல் வித்தை ஒன்றும் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

ஒடுகத்தூரில் கிடைத்த சாரதியின் பெயர் சேவியர். நாற்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது.

"எங்கமா போணும்? ஃபால்ஸா, போட்டிங்கா? சுத்திக் காட்டிட்டு வர்றேன்."

"ஒரு கல்லறைக்குப் போக வேணும்" என்றேன்.

அவர் காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

கல்லறை என் தம்பியுடையது. அன்ரன். யுத்த காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவன். கொஞ்சக் காலம் முகாமில் இருந்தான். பிறகு ஜவ்வாது மலையில் மோட்டார் பம்ப் திருத்தும் வேலை கிடைத்தது என்றான். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை, என் பிறந்தநாளுக்கு ஒரு தடவை போன் வரும். "சுகமா இருக்கிறன் அக்கா" என்பான். அதற்குள் லைன் அறுந்துவிடும்.

ஒருநாள் முகாமில் அவனோடு இருந்த ஒருவர் கூப்பிட்டார். மாரடைப்பு, அன்ரன் போய்விட்டான், மலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார். என் கணவர் அப்போது படுத்த படுக்கை. நான் எங்கே போவது? குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அழுது முடித்தேன்.

அன்றிலிருந்து ஒரு படம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத மலை. ஒற்றை அறை. தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் என் தம்பி. பிறகு கணவரும் போனார். பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். அந்த வெறும் வீட்டில் அந்தப் படம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இந்த வருடம்தான் புறப்பட முடிந்தது. வேளாங்கண்ணி முதலில், மலை கடைசியில். மறுநாள் காலை சென்னையிலிருந்து விமானம். ஒரு கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த எவ்வளவு நேரம் வேண்டும்? அப்படித்தான் யோசித்தேன்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. சேவியர் அவ்வப்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஓம்."

"இன்னாமா?"

"ஆமாம் என்றேன்."

"அதானே... நான் ஏதோ மந்திரம் சொல்றீங்கன்னு பாத்தேன்."

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அன்ரன் அவர் வாயில் அந்தோனி ஆனான்; மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்த அந்தோனி என்று விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. "இலங்கையிலிருந்து வந்தவர்" என்று நான் சொன்னதும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சிலோன்காரரா? அப்பிடிச் சொல்லுங்க! காசியம்மா வூடு. நேராப் போய் புளியந்தோப்புகிட்ட எறங்கிக் கேளுங்க."

வீடா? எனக்கு விளங்கவில்லை. அவன் யாரோ ஒருவர் வீட்டில் வாடகைக்கு இருந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

புளியந்தோப்புக்கு அருகே ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சில வயது இளையவளாக இருக்க வேண்டும். காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சேவியர் தொடங்கினார். "சிலோன்காரரு இருந்தாரே, அவரோட அக்கா..."

அவர் முடிக்கவில்லை. முறம் கீழே விழுந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... வந்துட்டீங்களா அண்ணி?"

கணவனின் அக்காவை இந்தப் பக்கத்தில் அண்ணி என்பார்கள் என்று சேவியர்தான் மெதுவாகச் சொன்னார். கணவனா?

"உனக்கு... அன்ரனோட கலியாணம் நடந்ததா?"

"ஓம்" என்றாள் அவள்.

ஓம்! அந்த மலையில், அந்தப் பேச்சுக்கு நடுவே, எங்கள் வீட்டுச் சொல். என் தம்பி சொல்வதைப் போலவே சற்று இழுத்து. அவள் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

காசியம்மாள் இந்த மலையில் பிறந்தவள். அவள் அப்பாவின் கிணற்று மோட்டாரைத் திருத்த வந்தவன் அன்ரன். மோட்டார் அன்றே ஓடத் தொடங்கிவிட்டதாம். "ஆனாலும் மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. நல்லா ஓடுற மோட்டார எத்தினி வாட்டிதான் பாப்பாரு?" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

பிள்ளைகள் இல்லை. சாமை, கொஞ்சம் புளி, இரண்டு ஆடு. அவனோடு பல வருடங்கள். இப்போது அவளும் தனி.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"போன்ல சொன்னா அக்கா அழும், நேர்ல உன்னக் கூட்டினு போய் நிறுத்தித்தான் சொல்லுவேன்னாரு. எனக்கு பாஸ்போர்ட்டு இல்ல. அவரு மட்டும் போனா திரும்பி வர உடமாட்டாங்களோன்னு பயம். இந்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லிக்கினே இருந்தாரு அண்ணி."

ஒரு நத்தாருக்கு அவன் பேசும்போது பின்னால் ஒரு பெண்குரல் சாப்பிடக் கூப்பிட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. யாரடா என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு அம்மா" என்றான் படுபாவி!

கல்லறை அவள் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. சுற்றிக் கல் அடுக்கியிருந்தாள். தலைமாட்டில் மரக்கட்டையில் ஒரு சிலுவை. அவள் சாமிக்குப் பொங்கல் வைக்கிறவள். சிலுவை செய்ய அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"கறையான் தின்னுடுது அண்ணி. தின்னத் தின்ன வேற செஞ்சு வெக்கிறேன். சரியாத்தான் வெச்சுருக்கேனா?"

குறுக்குக் கட்டை சற்றுக் கீழே இறங்கியிருந்தது. "சரியா இருக்கு" என்றேன். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. சேவியர் தொப்பியால் மறைத்துப் பிடித்தார். நான் செபம் சொல்லத் தொடங்க, அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டொரு சொல் அவர்கள் ஊரில் வேறு மாதிரி. அங்கே மட்டும் இருவரும் தடுக்கி, மீண்டும் சேர்ந்தோம்.

மத்தியானம் சாப்பிட வைத்தாள். சாமைச் சோறு. அதன்மேல் மஞ்சளாக எதையோ ஊற்றினாள்.

"சொதி" என்றாள். "அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் சரி. தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சைக்குப் பதில் புளி விட்டிருந்தாள். எங்கள் அம்மா கண்டால் சண்டைக்கே போயிருப்பா. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. இத்தனை வருடம் யாருக்காக அழுதேன்? என் தம்பி சாப்பிடக் கூப்பிட ஆள் இருந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறான். உயிர் போகும்போதும், அவள் சொன்னபடி, அவன் தலை இவள் மடியில்தான் இருந்திருக்கிறது. தூரத்தில் இருக்கிறவர்களைப் பாவம், தனியாக இருக்கிறார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மன்னாரில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒற்றைத் தட்டை எடுத்து வைப்பது யார்?

வெயில் சாய்ந்தது. சேவியர் அவசரப்படுத்தவில்லை. காரைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். கடைசியில் அருகே வந்தார்.

"மலையில பனி எறங்கிடும்மா. காலையில ஃப்ளைட்டுன்னீங்களே..."

"இருந்துட்டுப் போங்க அண்ணி" என்றாள் காசியம்மாள். "நாலு நாள் இருங்க. வூடு சும்மாதான் கெடக்குது."

விசா மறுநாளோடு முடிகிறது. அதை அவளுக்கு எப்படி விளக்குவது? வேளாங்கண்ணியில் நாலு நாள் இருந்தேன். அங்கே ஒருநாளோடு நிறுத்தியிருந்தாலும் மாதா கோபித்திருக்கமாட்டா. இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத்தான் முன்பே தெரியவில்லை.

கார் திரும்பும்போது அவள் ஓடிவந்து கண்ணாடிக்குள்ளால் ஒரு பொட்டலம் நீட்டினாள். புளி. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டியது. வளைவு வரை அவள் நிற்பது தெரிந்தது. பிறகு மரங்கள் மறைத்துவிட்டன. ஒடுகத்தூர் வெளிச்சம் தெரிந்தபோது சேவியர் சொன்னார். "மறுபடி வந்தா எனக்கு போன் போடுங்கமா. வேற கார் எடுக்காதீங்க."

ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கடிதம் போட்டால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் வீட்டில் போன் சிக்னல் இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வரும்போதுதான் என் வீட்டுப் போனுக்குக் கூப்பிட முடியும். கூப்பிடுகிறாள். சந்தை இரைச்சலுக்கு நடுவே "இன்னா அண்ணி, சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறாள். அதற்குள் லைன் அறுந்துவிடும்.

இப்போதெல்லாம் ஜமுனாமரத்தூரில் சந்தை என்றால், மன்னாரில் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை.