முத்துராணி அக்காவின் ரெயின்போ மீன்கள்

முக்கூடலில் எங்கள் அடுத்த வீடு முத்துராணி அக்காவுடையது. சிறுமியாக இருக்கும்போதே பீடி சுற்ற உட்கார்ந்தவள். கணவருக்குக் கேரளாவில் கட்டட வேலை; பண்டிகைக்கு வந்து போவார். மடியில் முறம்போல் ஒரு சுளகு, சுளகில் இலையும் தூளும், எதிரே சுவர். போன வருஷம் அந்தச் சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பெரிய ரெயின்போ மீன்களைப் பார்த்திருக்கிறாள். முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. அவளுக்குக் கட்டுப்படியானது குஞ்சுகள்தான். எட்டு வாங்கினாள்; எட்டும் வெளிறிய வெள்ளி. வளர வளர நிறம் பிடிக்கும், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றாராம் கடைக்காரர். அந்த நிறத்தைத் தன் வீட்டில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. எதுக்குளா இந்த மீனு?" என்றாள் மாமியார் இசக்கித்தாய்.

"பாக்கதுக்கு அத்தை."

"பாக்கதுக்குத்தான் நான் இருக்கேம்லா?"

விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா யோசனை கேட்டாள். கூட்டமாக வாழும் மீன், பிரிக்காதே என்றேன். துள்ளும், மூடி போடு என்றேன். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, வாராவாரம் கால்வாசி மாற்றச் சொன்னேன். எல்லாம் செய்தாள். பாசியைக் கையாலேயே துடைத்தாள். ஆனாலும் தண்ணீர் மாற்றிய மறுநாள் ஏதாவது ஒன்று மல்லாந்து கிடக்கும்.

நான்கு மிஞ்சியபோது அவளுக்குக் காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கிச் சுளகையே தொடவில்லை. தண்ணீரை நான் மாற்றினேன். ஒரு மீனும் சாகவில்லை. அவள் எழுந்து பீடி சுற்றி, மறுபடி தொட்டியில் கைவிட்டாள். மூன்றானது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அக்கா, ஒன் கையிலதான் இருக்கு. பொகையிலை நஞ்சு தண்ணியில எறங்குது."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தானட்டி கைய விடுதேன்?"

"கழுவுனாலும் முழுசாப் போகாதுக்கா."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் பழுப்பு.

"இந்தக் கையாலதான சோறு பிசையுதேன்?"

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அதுவரை எனக்குள் இருந்தது. சொல்லி என்ன ஆனது? வேறு வேலை பார் என்று சொல்ல முடியுமா? எனக்கே ஒன்று கிடைக்கவில்லை.

குச்சியில் துணி கட்டித் துடைத்துப் பார்த்தாள். ஆனால் இருப்பது ஒரே அறை. காற்றாடி சுற்றினால் தூள் பறக்கும். மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைசியில் தொட்டியை, அக்காவுக்கு இலையும் தூளும் கொடுக்கும் பீடிக் கடை பெருமாள்ராஜ் அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனோம். தூளெல்லாம் அவருக்குக் கடையோடு சரி; வீட்டுக்குள் ஒரு பொட்டு வராது.

"தூள் பட்ட கை இதுல படக்கூடாது அண்ணாச்சி, செத்துரும்," என்று அவளே சொல்லிக்கொடுத்தாள்.

தை மாதம் நிறம் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். அப்படியே இருந்தது, முன்னால் நீலம், பின்னால் ஆரஞ்சு. ஒன்றையொன்று துரத்தித் திரும்பும்போது செதிலெல்லாம் மின்னியது. அக்கா குனிந்தாள். கை தானாகக் கண்ணாடிப் பக்கம் போனது.

"ஏ முத்துராணி, கை, கை!" என்றார் அண்ணாச்சி. "நீதான சொன்ன? தள்ளி நின்னு பாரு."

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தெருவுக்கு வந்ததும், "கடைக்குப் போயி நாளைக்குச் சுத்ததுக்குத் தூள் வாங்கிட்டுப் போயிருவம்ட்டி," என்றாள்.