ஜூஸ் பாட்டிலில் பருத்தி மருந்து

மகள் தவழ ஆரம்பித்த வாரம் நானும் தவழ்ந்தேன். நைட்டியோடு, முழங்காலில், அடுப்படியிலிருந்து வாசற்படி வரைக்கும். அவள் கைக்கு என்னென்ன எட்டுகிறது என்று பார்க்க வேண்டாமா? பால் ஊற்ற வந்த அக்கா, "என்னம்மா, எதாச்சும் தொலஞ்சு போச்சா?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கே பிளக் ஓட்டைகளில் டேப் ஒட்டினேன். அரிவாள்மனை ஆணியில் ஏறியது. தண்ணீர் டிரம்முக்கு மூடி போட்டுக் கயிற்றால் கட்டினேன். வீட்டுக்காரர், "வூட்டுக்குள்ள வர எனக்கே பாஸ் எடுக்கணும் போலருக்கு" என்று கிண்டலடித்தார். அடிக்கட்டும். இரண்டு வயதாகிறது, என் பிள்ளை உடம்பில் ஒரு சூட்டுத் தழும்பு காட்டுங்கள் பார்ப்போம்.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. குன்னம் பக்கம் எங்களுக்குப் பருத்திதான் வெள்ளாமை. பருத்திக்குப் பூச்சி மருந்தடிக்காமல் முடியாது. ஒருவர் பெரிய டப்பா வாங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்வார்கள். வாங்கி வருவது கையில் கிடைத்த காலி ஜூஸ் பாட்டிலில். அது அப்படியே வீட்டு மாடத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் அது தப்பாகவே படாது.

என் வீட்டு மருந்தை டப்பாவோடு மோட்டார் கொட்டகைக்கு அனுப்பி, இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். ஆனால் எங்களுக்கும் மூத்தாருக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும், வாசல் ஒன்றுதான். பாப்பா பாதி நேரம் அங்கேதான் கிடப்பாள். அவர் மாடத்தில் ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் நிறைய மருந்து.

நல்லபடியாகத்தான் கேட்டேன். "நாங்கள்லாம் இப்புடித்தாம்மா வளந்தோம், ஒண்ணும் ஆவல" என்றார். அப்புறம் நான் நல்லபடியாகப் பேசவில்லை. தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வீட்டுக்கு மூத்தவரை மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன் என்று ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போகவில்லை. எத்தனை தடவை தூக்கி வந்தாலும் பாப்பா மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லையே என்று திரும்பினால், மூத்தார் வீட்டுப் படியில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்த ஆரஞ்சு பாட்டில். மூடி கீழே கிடக்கிறது. வாயும் கவுனும் நனைந்திருக்கின்றன.

வாயை மோந்து பார்த்தேன். சோப்பு நாற்றம் அடித்த என் கைதான் மூக்கில் நின்றது, வேறொன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் ஆளும் இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி, டாக்டரிடம் காட்டப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன். எந்த வண்டி வந்தாலும் மறித்துப் பெரம்பலூர் போய்விட வேண்டும்.

வந்தது மூத்தாரின் வண்டி. "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போங்க, பாப்பா இதக் குடிச்சிட்டா" என்று பாட்டிலை நீட்டினேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி, மிச்சம் இருந்ததை அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டார்.

"ஜூஸும்மா. காலையில பாப்பாவுக்குன்னுதான் வாங்கியாந்தேன்."

"அப்ப மருந்து?"

"நீ கத்துன மறுநாளே காட்டுக்குக் கொண்டுபோயி பூட்டிட்டேன். உங்கிட்ட வந்து எப்புடிச் சொல்றது?" பாப்பாவின் வாயைத் துண்டால் துடைத்தார். "நீ அன்னைக்குக் கத்தலன்னா, இந்நேரம் மருந்தத்தாம்மா குடிச்சிருக்கும் புள்ள."

நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி, பெருமையில் பாதி. பாப்பா காலிப் பாட்டிலைப் பார்த்து, பெரியப்பா தன் ஜூஸைக் குடித்துவிட்டார் என்று என்னைவிடச் சத்தமாக அழுதாள்.