வலது சீட்டில் நாகஜோதி

திண்டுக்கல் நாகல் நகரில் மெக்கானிக் தங்கமுத்து வீடு எது என்று கேட்டால், "அந்த அமெரிக்கா கார் வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கொடைக்கானல் பங்களா ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த அறுபத்தேழாம் வருட மஸ்டாங் அது. கூரை வளைந்து வால் வரை ஒரே சரிவாக இறங்கும். கல்யாணமான புதிதில் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவர், பொண்டாட்டிக்கு ஒரு தோடுகூட வாங்கித் தராமல் அதற்கு உயிர் கொடுத்தார். துடைக்க வேஸ்ட் துணி ஆகாது. நாகஜோதியின் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைதான் வேண்டும். சேலை எப்போது நைந்துபோகும் என்று மனுஷன் காத்திருப்பார்.

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் லாரி போனால், எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது சீட்டில் இருக்கும் நாகஜோதிதான் எட்டிப் பார்க்க வேண்டும். "போலாமா?" என்பார். "போங்க" என்றால் போவார். "பொறுங்க" என்றால் லாரிக்குப் பின்னாலேயே உருட்டுவார். முப்பது வருடம் இப்படித்தான். அவள் பேச்சுக்கு மறுபேச்சில்லாத இடம் அந்தச் சீட் ஒன்றுதான்.

போன தை மாதம் கொடைரோடு பக்கம், ஓரமாக நடந்துபோன பூக்காரம்மாவின் கூடையைக் கார் உரசிவிட்டது. மல்லிகை ரோடெல்லாம் சிதறியது. "மூடுபனி" என்றார் தங்கமுத்து. மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில் மூடுபனியாம்! கண் மங்குகிறது என்று நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் சீறினார். காரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

அந்தச் சமயம் பார்த்து, பழைய கார் சேர்க்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். தங்கமுத்துக்குக் கொடுக்கவும் மனமில்லை, விரட்டவும் துணிவில்லை. "பேச்சியம்மன்ட்ட பூக்கேப்போம். வெள்ளை வந்தா குடுத்துருவோம். செவப்பு வந்தா அந்தாள வரவேணாம்னு சொல்லிருவோம்" என்றார்.

ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னோர் இலையில் சிவப்பு அரளி வைத்துப் பொட்டலம் கட்டுவது அந்த வீட்டில் பெண்கள் வேலை. நாகஜோதி இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினாள்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மற்றதை அவள் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

கார் போன அன்று தங்கமுத்து அழவில்லை. "ஆத்தாவே சொல்லிட்டா, அப்பறம் என்ன" என்று வாசலில் நின்றார். நாகஜோதிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காரோடு அவருடைய டாக்டர் பயமும் போய்விட்டது. 'வண்டி ஓட்டாதே' என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் இத்தனை நாளும் மனுஷன் ஒளிந்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் கண்புரைதான் என்றார். ஆபரேஷன் ஆன கொஞ்ச நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. இனி தாராளமாக ஓட்டலாம்; ஓட்டத்தான் கார் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா பாவி என்று நாகஜோதி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். காலியான ஷெட் பக்கம் போகவே அவளுக்குக் கூசியது.

தங்கமுத்து வெள்ளியில் கண்மலர் வாங்கி, காணிக்கை போட அவளைப் பேச்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். உண்டியலுக்கு முன்னால் அதை அவள் கையில் வைத்தார்.

"நீயே போடு. ஆத்தா வண்டியக் குடுக்கச் சொன்னதாலதான கண்ணு கெடச்சுச்சு."

அவள் உண்டியலில் போடாமல் அதை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"ஆத்தா சொல்லலங்க. ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சுக் கட்டுனேன்."

புதுக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்மலரை வாங்கித் தானே உண்டியலில் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. ஜன்னலோரம் இருந்த தங்கமுத்து வெளியே பார்த்தபடி பேசினார்.

"நீ போங்கன்னா போனேன், பொறுங்கன்னா நின்னேன். ஒருநாளாச்சும் ஏன்னு கேட்டுருக்கனா? வண்டிய விட்ருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா விட்ருக்க மாட்டனா, ஜோதி?"

லாரியை முந்த பஸ் வலப்பக்கம் ஒதுங்கியது. பழக்கதோஷத்தில் நாகஜோதி எட்டிப் பார்த்தாள். எதிரே ரோடு காலியாக இருந்தது. "போலாமா?" என்று அவர் கேட்கவில்லை.