பவுடரைத் துடைத்துவிட்டு வாருங்கள்

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். ஆனால் பேசியே காரியத்தை முடித்துவிடுவாள். பிழைக்க வந்த நாட்டின் மொழியை அவள் வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. அழுக்குத் துணி இறக்கும் வாசலில் லாரிக்காரர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டாள். அங்கே வேலை பார்த்த தமிழ்ப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ ஏதாவது பேச வேண்டியிருந்தால் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவளை எஞ்சின் அக்கா என்பார்கள். கிளம்பினால் நிற்காமல் உழைப்பவள். ஒரு நாள் உடை மாற்றும் அறையில் அவள் வாயாடியின் கையைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"ஐயையோ, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

"போனா நாளைக்கே நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். அம்மாவுக்கு இந்த நோய்னா எவன் வருவான்? நீ யார்கிட்டயாவது மூச்சு விட்டே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே."

வாயாடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை வந்தது அப்போதுதான்.

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வண்டி ஒன்று வேலைத்தலங்களுக்கு வருவது அவளுக்குத் தெரியும். மேற்பார்வையாளரை நச்சரித்து அதைக் கூடத்து வாசலுக்கே வரவழைக்க ஏற்பாடு செய்தாள். "எல்லாரும் போனா நானும் கூட்டத்தோட கூட்டமா போறேன். தனியா மட்டும் போகச் சொல்லாதே" என்றாள் எஞ்சின் அக்கா. அந்த ஒருத்திக்காக எல்லோரையும் கிளப்ப வேண்டியதாயிற்று.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு வேண்டாத வேலை?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணும் தெரியாதப்பவே பாத்துடணும்னுதான் வண்டி வருது. முத்தினப்புறம் பாத்து என்ன செய்ய?"

"உள்ள ஆம்பள இருப்பானா?"

"டிரைவர் ஒருத்தர்தான். அவரும் முன்னாடி உக்காந்து தூங்குவாரு."

சிரித்தார்கள், சம்மதித்தார்கள். "நல்லா குளிச்சு சுத்தமா வாங்க, என் மானத்தை வாங்காதீங்க" என்று கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

அங்கேதான் பிசகியது.

வண்டி வந்த காலையில் கூடமே கமகமத்தது. வெக்கையில் வியர்த்து நாறக்கூடாது என்று அத்தனை பேரும் கழுத்திலிருந்து அக்குள்வரை பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலில் ஏறியவள் வாயாடியின் சொந்த அக்கா. அடியில் விளக்கெரியும் மேஜையில் துணியை விரித்து, ஊசிமுனை ஓட்டைகளைத் தேடுவது அவள் வேலை. படம் எடுக்கும் பெண் அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்லி ஈரத்துணியை நீட்டினாள். அக்கா சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

"துடைச்சிட்டு வரணுமாம்! நான் என்ன சேத்துல புரண்டா வந்தேன்?"

வரிசை கலைந்தது. முதலில் நழுவியது எஞ்சின் அக்காதான்.

வாயாடி வண்டிக்குள் ஓடி விசாரித்தாள். பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுமாம். எது பவுடர், எது நோய் என்று குழப்பிவிடுமாம். வண்டிக்கு நாள் கேட்டபோது இதைப் போனிலேயே அவளிடம் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேச்சுப் பேசியவள் அதை மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

அக்காவின் எதிரே போய் நின்றாள். எஞ்சின் அக்காவின் விஷயத்தைச் சொன்னால் அடுத்த நிமிடமே அக்கா வண்டியில் ஏறுவாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுக்கா. நான்தான் சொல்ல மறந்துட்டேன். உன் மேஜைக்குப் பஞ்சுத் தூசி ஒட்டின துணி வந்தா என்ன பண்ணுவே?"

"உதறிட்டுத்தான் பாப்பேன். தூசி ஓட்டையை மறைச்சுடுமே."

"பவுடரும் அப்படித்தானாம். அதைத்தான் துடைக்கச் சொல்றா."

அக்கா அவளை முறைத்தாள். "இதை நேத்தே சொல்றதுக்கு என்னடி? முக்கால் டப்பா பவுடர் போச்சு."

வெந்நீருக்கும் துண்டுக்கும் அங்கே பஞ்சமா? உடை மாற்றும் அறையில் ஒருத்தி முதுகை ஒருத்தி துடைத்துவிட்டார்கள். அக்கா மறுபடியும் முதல் ஆளாக ஏறி, முகத்தைச் சுளித்தபடி இறங்கினாள். "ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு நசுக்குது. வலிக்கத்தான் செய்யுது. ஆனா கத்தலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள விட்டுடுறா."

நடுவில் எஞ்சின் அக்காவும் ஏறினாள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல வாயாடி கூடவே இருந்தாள். மார்பில் கட்டி ஏதாவது தெரிகிறதா என்று எல்லோரையும் கேட்டது போலவே அவளையும் கேட்டார்கள். வாயாடி அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள்.

எஞ்சின் அக்கா வண்டியின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இருக்குன்னு சொல்லு" என்றாள்.

படம் எடுத்த பெண் அங்கிருந்தே ஆஸ்பத்திரியில் பேசி நாள் குறித்துக் கொடுத்தாள்.

"உனக்கு மட்டும் என்ன இவ்வளவு நேரம்?" என்று கீழே நின்ற அக்கா கேட்டாள். வாயாடி ஏதோ சொல்லிச் சமாளிக்கப் போனாள். எஞ்சின் அக்கா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"கட்டி இருக்கு. வியாழக்கிழமை பெரிய டாக்டரைப் பாக்க வரச் சொல்றாங்க."

உள்ளே துணி குவிகிறது என்று மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை.

"நானும் வரேன்" என்றாள் அக்கா. "பேசறதுக்கு இவ இருக்கா. உன் பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணாமா?"