நட்சத்திரத் தரை

இன்று காலை படுக்கையறைக் கதவு சாத்த வரவில்லை, நிலையில் இடித்தது. “மழக்காலம் லா, மரம் ஊதியிருக்கும்,” என்றுவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். கதவு இடித்தால் மற்றவர்கள் கீலைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அதற்குக் காரணம் காசிம் நானா.

கோப்பெங் டவுனில் அவர் துணிக்கடை வைத்திருந்தார். எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் பார்த்த முதல் வேலை அது. புதுக் கைலியின் கஞ்சி வாசம் எங்காவது வந்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது துணி இல்லை, அந்தப் பழைய டைல் தரைதான். சிவப்பும் கறுப்புமாக எட்டு முனை நட்சத்திரங்கள், முனையோடு முனை தொட்டுக்கொண்டு கடை முழுக்க ஓடும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போடுகிற லட்சுமி கோலமும் அதே நட்சத்திரம்தான். அதனால் முதல் வாரம் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தேன். வந்தவர்கள் எனக்குக் காலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நானா சிரித்தார். “தங்கச்சி, இது ரெண்டு சதுரம். கீழ உள்ளது மண்ணு, மேல உள்ளது வானம். ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்கு. பயப்படாம மிதி.”

மூலையில் ஒரு டைல் மட்டும் திரும்பியிருந்தது. அதைக் காட்டுவதில் அவருக்குப் பெருமை. “வேணும்னே வெச்சது லா. குறையில்லாம செய்ய அல்லா ஒருத்தனாலதான் முடியும்.”

ஒரு மழைக்காலத்தில், கல்லாவுக்குப் பக்கத்து நட்சத்திரத்தின் முனை அடுத்த முனையைத் தொடவில்லை. தினமும் துடைக்கிறவளுக்குத் தெரியாதா?

“நானா, நேத்து சேந்துதான் இருந்துச்சு.”

“அதுவும் அப்பவே வெச்ச குறைதான். இப்பதான் ஒன் கண்ணுல படுது.”

மறுநாள் இன்னும் இரண்டு விலகின. கடைக்கதவு பாதியில் சிக்கியது. நானா எண்ணெய் விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எதிர்க்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லாரி மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் கடைக்குள் தரை இல்லை. ஈயம் தோண்டிய பூமி, அடியில் பொந்தாக இருந்திருக்கிறது. தொழுகை முடிந்து வந்த நானா கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

குழியை மூடிவிட்டார்கள். அதன்மேல் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்த மாதிரி டைலும் யாரும் போடுவதில்லை.

நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பும் பழைய ஈயக் குட்டையை மூடிக் கட்டியதுதான். மண்டியிட்டுப் பார்த்தேன். ஒட்டுத் தெரியாமல் பதித்த பெரிய வெள்ளை டைல்கள். நானாவுக்காவது தரை சொல்லிப் பார்த்தது. இதில் விலகினால் தெரிய ஒரு கோடுகூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓட வழி வேண்டுமே, கதவை இனி சாத்துவதாக இல்லை.